பாயசம் அக்காவின் இரண்டாம் விமர்சனம்

கிள்ளானில் அச்சாகும் ‘கதிரொளி’ நாளிதழின் ஞாயிறு பதிப்பில் தொலைக்காட்சிப் பக்கம் என்று ஒன்று உண்டு. அதைப் பார்த்துக்கொள்பவர் புனிதவதி. பேய்த் தொடர் வந்தால் அது கண்ணில் நீரை வரவழைத்தது என்று எழுதுவார். சமையல் நிகழ்ச்சி வந்தால் அதுவும் கண்ணில் நீரை வரவழைத்தது. வெங்காயம் உரித்திருப்பார்கள் என்று நாமே நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். கடைசி வரி மட்டும் என்றைக்கும் மாறாது: “மொத்தத்தில், நம் கலைஞர்களுக்கு நாம்தான் கைகொடுக்க வேண்டும்.” ஆபீசில் அவருக்குப் பாயசம் அக்கா என்று பெயர். காதுபடவே கூப்பிடுவார்கள். அவரும் சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இந்த நாட்டில் தமிழ் நாடகம் எடுக்கிறவர், நடிக்கிறவர், பாட்டு எழுதுகிறவர் அத்தனை பேரையும் ஒரே பஸ்ஸில் ஏற்றிவிடலாம். இன்றைக்கு ஒருவரைக் குறை சொல்லி எழுதினால், வருகிற வாரம் யார் வீட்டுக் கல்யாணத்திலாவது அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துதான் ஆகவேண்டும். புனிதவதி வேலைக்குச் சேர்ந்த புதிதில் இது தெரியாமல், ஒரு நடிகை வசனத்தை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறார் என்று எழுதிவிட்டார். அடுத்த மாதமே பந்திங் என்ற ஊரில் ஒரு கல்யாணம். அப்பளக் கூடையோடு வந்தவர் அந்த நடிகையின் அம்மா. வரிசையில் எல்லார் இலையிலும் அப்பளம் விழுந்தது. புனிதவதியின் இலையை மட்டும் தாண்டிப் போய்விட்டது.

“ஏங்க்கா, இங்க ஒண்ணு விட்டுட்டீங்க,” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

“அவங்களுக்குத்தான் எதுவுமே புடிக்காதே,” என்றாராம் அந்த அம்மா.

பந்தி முழுக்கச் சிரித்தது. புனிதவதி தலையைக் குனிந்துகொண்டு சாம்பார் சோற்றைப் பிசைந்தார். கணவர் தவறி, கையில் பெண் குழந்தையோடு, மேரு ஊர்ப் பக்கத்தில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்து, அதிலிருந்து எப்படியோ தப்பிப் பத்திரிகைக்குப் பிழை திருத்த வந்தவர் அவர். நாலு பேர் மத்தியில் பகை சம்பாதிக்க அவருக்குத் தெம்பு இல்லை. அன்றைக்கு அவர் எழுத்தில் ஏறிய சர்க்கரை பிறகு இறங்கவே இல்லை.

மகள் லோகேஸ்வரி வளர்ந்து ஷா ஆலாமில் பல் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தாள். மாப்பிள்ளை பார்க்க வேண்டிய சிரமத்தையும் அவள் அம்மாவுக்கு வைக்கவில்லை. பையன் பிரேம்நாத், நல்ல பிள்ளை, கணக்காய்வாளர். பையனுடைய அப்பாதான் நடிகர் சிங்காரவேலு. மேடை நாடகக் காலத்திலிருந்து நடிக்கிறவர். நீதிபதி, பண்ணையார், மந்திரி என்று எந்த வேடம் போட்டாலும் ஒரே குரலில்தான் பேசுவார். அந்தக் குரலுக்கு மைக் தேவையில்லை. புனிதவதி அவரைப் பற்றி எழுதிய பாராட்டுகளைச் சேர்த்தால் ஒரு புத்தகம் போடலாம். நிச்சயதார்த்தத்துக்கு மண்டபம்கூடப் பேசி முடித்தாகிவிட்டது.

இந்த நேரம் பார்த்துத்தான் ‘பஞ்ச் கார்டு’ வந்தது.

கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பெண்களைப் பற்றிய தொடர். பாதி சிரிப்பு, பாதி வேதனை. எடுத்தவள் நிஷாந்தினி என்ற சின்ன வயதுப் பெண், அவளுக்கு இதுதான் முதல் தொடர். தொழிற்சாலை மேலாளராக சிங்காரவேலு. பத்திரிகைக்காரர்களுக்கு முதல் மூன்று பகுதிகளைப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்ன அரங்கில் போட்டுக் காட்டினார்கள். ஆளுக்கொரு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம். புனிதவதி பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகும் வழியில் மீன் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் பகுதியின் கடைசியில் ஒரு காட்சி. இரவெல்லாம் லைனில் நின்று எல்லாரையும் சிரிக்க வைத்த மரகதம் என்ற பெண், விடிந்ததும் தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்குகிறாள். அதே நிறுத்தத்தில் அவள் மகள் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு நிற்கிறாள். அம்மா வேலை முடிந்து வருவதும் பிள்ளை பள்ளிக்குப் போவதும் ஒரே நேரம். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பது அந்த இடத்தில் மட்டும்தான். மரகதம் பிள்ளையின் ரிப்பனை அவிழ்த்து மறுபடி கட்டுகிறாள். “பல்லு வெளக்கினியா?” என்கிறாள். பிள்ளை ‘ஈ’ என்று காட்டுகிறாள். பஸ் வருகிறது, பிள்ளை போய்விடுகிறாள். அவ்வளவுதான் காட்சி.

புனிதவதி பொட்டலத்தை நாற்காலியில் வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போய் அழுதார். நடந்ததை நடந்தபடி யாரோ எடுத்து வைத்திருந்தார்கள். மகள் லோகாவுக்கு அவர் ரிப்பன் கட்டிய நிறுத்தம் காப்பாரில் இருந்தது, அது ஒன்றுதான் வித்தியாசம்.

வெளியே வந்தபோது சிங்காரவேலு வாசலில் நின்றார். “எப்டி சம்பந்தி? நம்ம பண்ணது?” அரங்கத்தின் மறுகோடிக்குக் கேட்டது.

“நல்லாருக்கு அண்ணே,” என்றார் புனிதவதி. வேறென்ன சொல்வார்.

அந்த வாரம் அவர் உட்கார்ந்து மனசாரப் பாராட்டி எழுதினார். எழுதி என்ன பிரயோசனம், அவருக்குத் தெரிந்த பாராட்டு ஒரே மாதிரிதானே. கண்ணில் நீரை வரவழைத்தது என்றார். நம் கலைஞர்களுக்கு நாம்தான் கைகொடுக்க வேண்டும் என்றார். கட்டுரை வந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு ஈ காக்காய்கூட அதைப் பற்றிப் பேசவில்லை.

பேசியது ஒரே ஒரு ஆள்தான். டினேஷ் என்று, கார் ஸ்டிக்கர் கடை வைத்திருப்பவன், ‘காரச் சட்னி’ என்ற பெயரில் கைத்தொலைபேசியில் விமர்சனம் பேசி, அதைப் படமாக ஊரெல்லாம் அனுப்புகிறவன். அவன் முதல் பகுதியை மட்டும் பார்த்துவிட்டு, சிங்காரவேலு கத்துகிற கத்தலில் தன் வீட்டுப் பூனை ஓடிவிட்டது என்றான். பிறகு ‘கதிரொளி’யைக் காமெராவுக்கு நேரே பிடித்தான். “பாயசம் அக்காவே கண்ணு கலங்கிட்டாங்களாம்லா. போன மாசம் சமையல் நிகழ்ச்சிக்கும் கலங்குனாங்க. அக்கா, மொதல்ல கண் டாக்டரப் போய்ப் பாருங்க.”

அதை இந்த ஊரில் பார்க்காத ஆள் இல்லை. இரண்டு நாள் கழித்து நிஷாந்தினி போன் போட்டாள்.

“ஆன்ட்டி, சும்மாதான் கூப்புட்டேன்,” என்று ஆரம்பித்தாள். சும்மா கூப்பிடுகிற குரலா அது. “டிவி ஸ்டேஷன்ல நாலாவது எபிசோட் வரைக்கும்தான் பாப்பாங்களாம். அதுக்கு மேல ஆள் பாக்கலன்னா நிறுத்திருவாங்களாம். மிச்சத்த இன்னும் எடுத்துக்கிட்டுத்தான் இருக்கோம்.”

“என் விமர்சனத்த அவங்ககிட்ட காட்டினியாமா?”

“காட்டுனேன் ஆன்ட்டி. சிரிச்சாங்க.”

“ஏன் சிரிக்கணும்?”

“உங்க பழைய பக்கத்தெல்லாம் பக்கத்துல வச்சிப் பாத்தாங்க. எல்லாம் ஒரே மாதிரி இருக்குன்னாங்க. நீங்க தப்பா எடுத்துக்காதீங்க ஆன்ட்டி.”

புனிதவதி தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவமானமாக எடுத்துக்கொண்டார். இத்தனை காலத்தில் முதல்முறையாக ஒன்றை உண்மையிலேயே நல்லது என்று சொல்லியிருக்கிறார், நம்ப ஆளில்லை.

மறுநாள் காலை பசாருக்குப் போனார். அவர் மீன் வாங்குவது ஆ லெக் என்ற சீனரிடம். அடுத்த கடைக்காரர் எல்லா மீனையும் இப்போதுதான் கடலிலிருந்து வந்தது என்று சத்தியம் செய்வார், அங்கே புனிதவதி திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆ லெக் அன்றைக்கும் வழக்கம்போலக் கையை ஆட்டினார். “அம்மா, இன்னிக்கி கெம்போங் வேணா. நேத்து மீன். செலார் எடு, அது நல்லாருக்கு.” புனிதவதி செலாரை வாங்கினார், முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. வாங்கிப் பையில் போட்ட பிறகுதான், இந்த மனுஷனை நான் ஏன் நம்புகிறேன் என்று யோசித்தார். யோசித்தபடியே வீடு வரைக்கும் நடந்தார்.

ஆசிரியர் குணாளன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. “ஒரே தொடருக்கு ரெண்டு விமர்சனமாக்கா? சொந்தக்காரங்க நடிச்சா மூணு கூடப் போடலாம்னு சொல்வானுங்க.”

“இதுல பாராட்டு மட்டும் இருக்காது.”

“பின்ன?”

“கொறையும் எழுதப் போறேன்.”

குணாளன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்களா?”

“நான்தான்.”

“யாரப் பத்தி?”

“சிங்காரவேலு அண்ணனப் பத்தியும்தான்.”

“சரியாப் போச்சு,” என்றார் குணாளன். “மொதல்ல மகள்கிட்ட ஒரு வார்த்த கேளுங்க.”

கேட்கத்தான் வேண்டும். பயந்துகொண்டேதான் கேட்டார். லோகா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அம்மாவை முறைத்தாள்.

“மா, உனக்குப் பைத்தியமா? வேற ஆளே கெடைக்கலியா?”

“அவரு கத்துறதுதான் அந்தத் தொடரக் கெடுக்குதுமா. அதச் சொல்லாம மத்தத நல்லாருக்குன்னு சொன்னா யாரு நம்புவா?”

“அவரு வீட்லயும் அப்டித்தான் கத்துறாரு. உப்பு எடுத்துக் குடுன்னா பக்கத்து வீட்டுக்காரன் எடுத்துட்டு வருவான். அதெல்லாம் நான் எழுதிக்கிட்டா இருக்கேன்? நிச்சயம் முடியட்டும், அப்பறம் எழுது.”

“அதுக்குள்ள நிறுத்திருவாங்கடி.”

“நிறுத்துனா நிறுத்தட்டும். ஒரு நாடகம் பெருசா, என் கல்யாணம் பெருசா?” லோகாவின் குரல் உடைந்தது. “பிரேமோட அம்மா எப்டின்னு தெரியும்ல? வேணாம்னு சொல்லிட்டாங்கன்னா?”

மகள் சொல்வதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. புனிதவதி எழுந்து போய், நிஷாந்தினி கொடுத்திருந்த மூன்றாம் பகுதியைத் தொலைக்காட்சியில் போட்டார். “இத மட்டும் பாரு. பாத்துட்டு நீ வேணாம்னு சொன்னா எழுதல,” என்றார்.

லோகா கையைக் கட்டிக்கொண்டு வீம்பாகத்தான் உட்கார்ந்தாள். மரகதத்தின் வேடிக்கைக்குச் சிரிக்கவும் மாட்டேன் என்று இருந்தாள், இரண்டு இடத்தில் முடியாமல் சிரித்தாள். பஸ் நிறுத்தம் வந்தது. ரிப்பன் அவிழ்ந்தது. பிள்ளை ‘ஈ’ என்று பல்லைக் காட்டினாள்.

காட்சி முடிந்தும் லோகா எழுந்திருக்கவில்லை. “உன் கையில எப்பயும் ரப்பர் வாசம் அடிக்கும்மா,” என்றாள். “பஸ்ல ஏறினப்பறம் ரிப்பன இழுத்து மோந்து பாத்துக்கிட்டே போவேன். உன்கிட்ட சொன்னதே இல்ல.”

இரண்டு பேரும் அழுதார்கள். பிறகு லோகா முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆறிப்போன சோற்றை எடுத்து வைத்துச் சாப்பிட்டாள். “எழுது,” என்றாள். “ஆனா ரொம்ப வாரிடாத.”

வாராமல் எழுதத்தான் புனிதவதி நினைத்தார். பழக்கமில்லாத கை, அளவு தெரியவில்லை. இரண்டாம் பகுதியில் பாதியை வெட்டி எறியலாம் என்று எழுதினார். பின்னணி இசை, எந்த இடத்தில் அழவேண்டும் என்று நமக்குப் பாடம் நடத்துகிறது என்று எழுதினார். சிங்காரவேலு கடைசி வரிசைக்காகப் பேசுகிறார், காமெராவோ அவர் மூக்குக்கு எதிரே இருக்கிறது என்றார். அதோடு விட்டாரா, இல்லை. “அவர் மேஜையைக் குத்தும் காட்சிகளில் மேஜைதான் நன்றாக நடிக்கிறது” என்று ஒரு வரி. பிறகு பஸ் நிறுத்தக் காட்சிக்கு வந்தார். “எல்லாவற்றுக்கும் கண்ணில் நீர் வந்ததாக இத்தனை வருடம் எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் வரவில்லை. இதற்கு வந்தது.” கைகொடுக்க வேண்டும் என்ற கடைசி வரியை எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஊரே எழுந்து உட்கார்ந்துவிட்டது. குணாளனுக்கு வந்த போன்களில் பாதி திட்டு. நம் கலைஞர்களை நாமே காலை வாரலாமா என்று கேட்டவர்களில் பல பேர் அந்தத் தொடரைப் பார்த்ததே இல்லை. டினேஷ் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தான். “மேஜ நல்லா நடிக்குதுன்னு எழுதிருக்காங்கலா. இது நம்ம அக்காதானா? அப்ப அந்த பஸ் ஸ்டாப் சமாச்சாரம் நெசமாத்தான் இருக்கும். நான் மூணாவது பகுதி பாக்கப் போறேன்.” பார்த்துவிட்டு மறுநாள் மறுபடி வந்தான். வழக்கமான கிண்டல் எதுவும் பண்ணவில்லை. எங்கம்மாவும் ஷிப்ட் வேலைதான் என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டான்.

அதற்கப்புறம் தொழிற்சாலை பஸ்களில் பெண்கள் அந்தக் காட்சியைத் தொலைபேசியில் ஒருவருக்கொருவர் காட்டினார்கள். நாலாவது பகுதியை எத்தனையோ வீடுகளில் பார்த்தார்கள். தொடரை நிறுத்தவில்லை என்று நிஷாந்தினி அழுதுகொண்டே போன் பண்ணினாள்.

புனிதவதியால் சந்தோஷப்படக்கூட முடியவில்லை. சிங்காரவேலு வீட்டிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அவர் மனைவி மட்டும் லோகாவிடம், “நிச்சயத்தப் பத்தி அப்பறம் பேசிக்கலாம்மா,” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். பிரேம்நாத், அப்பா சாப்பாட்டு மேஜையில் வாயே திறக்கவில்லை என்றான். அந்த வீட்டில் அப்படி ஒரு அமைதியை அவன் பிறந்ததிலிருந்து கண்டதில்லை. லோகா அம்மாவைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் புனிதவதிக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மண்டபத்துக்காரர் போன் பண்ணும்போதெல்லாம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஒரு சாயந்திரம் வாசலில் சிங்காரவேலுவின் கார் வந்து நின்றது. உள்ளே வந்தார், உட்கார்ந்தார். சம்பந்தி என்று கூப்பிடவில்லை.

“மேஜ நல்லா நடிக்குதா?”

“அந்த வரி எழுதிருக்கக்கூடாது அண்ணே. மன்னிச்சிருங்க.”

“அத விடு புனிதா. அது நல்லாத்தான் இருந்துச்சு, நானே சிரிச்சேன்.” அவர் சத்தமாகப் பேசவில்லை. அதுதான் புனிதவதிக்குப் பயமாக இருந்தது. “நீ என்னப் பத்தி எழுதுனதெல்லாம் கண்ணாடி போட்டு என் வீட்டுச் சுவத்துல மாட்டிருக்கேன். வர்றவங்களுக்கெல்லாம் காட்டுவேன். உனக்குத் தெரியும்ல?”

“தெரியும் அண்ணே.”

“கண்ணுல தண்ணி பெரும்பாலும் வரலன்னு எழுதிருக்க. அப்ப அதெல்லாம் என்னா?”

சிங்காரவேலு விடாமல் தொடர்ந்தார்.

“நான் கத்துறேன்னு அப்பவே சொல்லிருந்தா அப்பவே கொறச்சிருப்பேன்ல? அப்ப எனக்கு வயசு இருந்துச்சு. நாலு நல்ல வேஷம் பண்ணிருப்பேன்.” அவர் கண் கலங்கியிருந்தது. “சரி, போனது போகட்டும். ஒண்ணு மட்டும் சொல்லு. நான் நடிச்சதுல ஏதாச்சும் ஒண்ணு உனக்கு நெசமாவே புடிச்சிருந்துச்சா?”

புனிதவதிக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. “ஆஸ்பத்திரி நாடகம் ஒண்ணு வந்துச்சே. நீங்க வார்டு கதவுகிட்ட நிப்பீங்க. உள்ள உங்க மக படுத்திருக்கும். ஒரு வசனமும் இல்ல. செருப்பக் கழட்டி விட்டுட்டு உள்ள போவீங்க. அத என்னால மறக்க முடியல.”

சிங்காரவேலு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “அந்த நாடகத்துக்கு நீ எழுதுனதுல என் பேரே இல்லியே.”

“சின்ன வேஷம்னு விட்டுட்டேன் அண்ணே.”

இதைச் சொன்னபோது புனிதவதிக்கு அந்தப் பழைய அப்பளத்தைவிட அதிகமாக வலித்தது. நாலு பேர் மத்தியில் பகை வேண்டாம் என்று இத்தனை காலம் இனிப்பாகவே எழுதினார், கடைசியில் ஒரு மனுஷனுக்கு உண்மையாகச் சேரவேண்டிய ஒரே ஒரு பாராட்டை அவரே விழுங்கியிருக்கிறார்.

லோகா தேநீர் கொண்டுவந்து வைத்தாள். சிங்காரவேலு ஒரு மிடறு குடித்துவிட்டுக் கேட்டார்: “நிச்சயத்துக்கு என்னா கலர் சேல எடுத்துருக்கம்மா?”

“இன்னும் எடுக்கல மாமா.”

“போய் எடு. நாளு நெருங்குதுல்ல.”

நிச்சயம் சொன்ன தேதியில் நடந்தது. மோதிரம் மாற்றி முடிந்ததும் ஒவ்வொரு பந்தியாகச் சாப்பிட்டு எழுந்தார்கள். பெண் வீட்டுக்காரர்கள் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தபோது, சிங்காரவேலு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பளக் கூடையைத் தூக்கிவிட்டார். “இந்தப் பந்திக்கு நான்தான் போடுவேன்,” என்றார். யார் சொன்னால் கேட்கிற ஆள் அவர். ஒவ்வொரு இலையாக அப்பளத்தை வைத்துக்கொண்டு வந்தார். புனிதவதிக்கு முன்னால் இருந்த இலைக்கு வைத்தார். புனிதவதியின் இலைக்கு நேரே வந்து, கூடைக்குள் கையை விட்டபடி அப்படியே நின்றுவிட்டார்.

“நேத்து வந்த பகுதி பாத்தீங்களா சம்பந்தி?” என்றார் மெதுவாக.

விமர்சனத்துக்குப் பிறகு அவர் நடித்துக் கொடுத்த முதல் பகுதி அது. அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். எதிர் வரிசையில் லோகா அம்மாவையே பார்த்தாள்.

“பாத்தேன் அண்ணே.”

“எப்டி?”

நல்லாருக்கு என்ற வார்த்தை புனிதவதியின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவர் ஒரு வாய்த் தண்ணீர் குடித்தார். “பொண்ணுங்களோட பேசுற காட்சில குரல நல்லா எறக்கிட்டீங்க. போன்ல பேசுற காட்சில மட்டும் பழையபடி ஏறிடுச்சு.”

“ஏறிடுச்சா?”

“ஏறிடுச்சு.”

“எனக்கும் அப்டித்தான் தோணுச்சு,” என்றார் சிங்காரவேலு. அவர் மனைவிக்கு மட்டும் முகம் சுருங்கியது. சிங்காரவேலு கூடையைக் கிளறி, உடையாத அப்பளமாகப் பார்த்து எடுத்துப் புனிதவதியின் இலையில் வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.